கெயினைக் குறைத்தால் கனம் வரும்: ஆம்ப் பிளகினில் மெட்டல் டோன்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி வைத்துக்கொள்கிறேன். ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கிவிட்டீர்கள். லேப்டாப்பில் பீவி 5150 வகை ஆம்ப் பிளகின் ஒன்று, அதாவது அந்த கிட்டார் ஆம்பைப் போலச் செய்யும் மென்பொருள், போட்டிருக்கிறீர்கள். கிட்டாரில் ஹம்பக்கர் பிக்கப். மெட்டாலிக்கா மாதிரி இறுக்கமான ரிதம் டோன் வேண்டும். டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயினை முழுக்க ஏற்றி, பாஸ் (கீழ் ஒலி), ட்ரெபிள் (மேல் ஒலி) இரண்டையும் கூட்டி, மிட்டை (நடு ஒலி) அடியோடு இறக்கிப் பார்த்துவிட்டீர்கள். தகர டப்பாவுக்குள் தேனீயை அடைத்த மாதிரி கேட்கிறது. டிரம்ஸோடு சேர்த்தால் கிட்டார் இருக்கிற இடமே தெரியவில்லை. மாடலிங் (நிஜ ஆம்பை டிஜிட்டலாகப் போலச் செய்வது) என்றாலே இப்படித்தானா, இல்லை வேறு பிளகின் வாங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

எதுவும் வாங்க வேண்டாம். கோளாறு பிளகினில் இல்லை, வரிசையில் இருக்கிறது. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் எதைக் குறைக்கிறோம், பின்னால் எதைக் கூட்டுகிறோம் என்பதுதான் இந்த டோனில் முக்கால்வாசி வேலை.

மாடலிங் போலி என்ற சந்தேகத்தை முதலில் தள்ளி வைத்துவிடலாம். மெட்டாலிக்கா 2013 டிசம்பரில் அண்டார்டிகாவில், கார்லினி ஆய்வு நிலையத்தில் ஒரு கூடாரத்துக்குள் வாசித்தது. சுற்றுச்சூழலுக்குச் சத்தம் போகக்கூடாது என்பதால் வந்திருந்தவர்கள் எல்லாரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் கேட்டார்கள். அந்தக் குழு உலகச் சுற்றுப்பயணங்களிலேயே ஃபிராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் என்ற ஆம்ப் மாடலிங் பெட்டியை வைத்து வாசித்திருக்கிறது. மெஷுகா, பெரிஃபெரி போன்ற குழுக்களும் அதே வழிதான். மேடையில் அவர்களுக்கு வருவது உங்கள் அறையில் வராமல் இருக்கக் காரணம் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கிட்டாரின் ஆறாவது கம்பி, சாதாரண ட்யூனிங்கில் ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதோடு ஐந்தாம் கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டைச் சேர்த்து பவர் கார்டு வாசித்தால் கூடவே 123 ஹெர்ட்ஸ் வருகிறது. கிளீன் டோனில் இவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அவ்வளவுதான். டிஸ்டார்ஷனுக்குள் போனதும் இரண்டும் கலந்து, கிட்டாரில் இல்லாத புது ஒலிகளைப் பிறப்பிக்கின்றன. அதில் முக்கியமானது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்: 41 ஹெர்ட்ஸ். பவர் கார்டு கிட்டாரைவிடப் பெரியதாகக் கேட்பதற்கு இதுவே காரணம். ஆனால் அளவு மீறினால் இதே 41 தான் சேறு. கீழ் ஒலிகள் அதிக சக்தியோடு கெயின் ஸ்டேஜுக்குள் நுழைந்தால் மேலே இருக்கும் பிக் அட்டாக்கை எல்லாம் அவை அமுக்கிவிடும். பாம் மியூட் செய்தால், அதாவது உள்ளங்கையால் கம்பியை லேசாக அமுக்கி அடித்தால், ‘ஜுக் ஜுக்’ என்று வெட்டு விழாமல் ‘தொம்… தொம்…’ என்று தொளதொளக்கும். அப்போது கை தானாக கெயினை இன்னும் ஏற்றப் போகும். ஏற்ற ஏற்ற இன்னும் தொளதொளக்கும்.

அதனால்தான் கனமான டோன் வேண்டுமென்றால் ஆம்புக்குள் போகும் முன் பாஸைக் குறைக்க வேண்டும். கேட்க முரணாக இருக்கும், செய்து பார்த்தால் உடனே புரியும்.

இதற்கு மெட்டல்காரர்கள் பலரும் கைவைக்கும் கருவி ஒரு பச்சை பெடல். ஐபனீஸ் ட்யூப் ஸ்க்ரீமர். 1970களின் கடைசியில் வந்தது. அது மெட்டலுக்காகச் செய்யப்பட்டதே இல்லை, ப்ளூஸ் வாசிப்பவர்களின் பெடல் என்றுதான் பெயர் எடுத்தது. ஆனால் அதன் சர்க்யூட்டில் ஒரு குணம் இருக்கிறது. 720 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு, அதற்குக் கீழே போகப் போக பூஸ்ட் குறைவு. நமக்கு வேண்டியது இந்தக் குணம் மட்டும்தான், அதன் டிஸ்டார்ஷன் நமக்கு வேண்டாம். உங்கள் பிளகினில் பச்சை நிறத்தில் ஒரு பெடல் பெரும்பாலும் இருக்கும். அதை ஆம்புக்கு முன்னால் போட்டு, டிரைவை பூஜ்யத்தில் வையுங்கள். டோன் நடுவில். லெவலை முழுதாக ஏற்றுங்கள். இப்போது ஆம்பின் கெயினை 4-க்கு இறக்குங்கள்.

இனி ஆறாவது கம்பியை பாம் மியூட் செய்து ஒரே வேகத்தில் கீழ்நோக்கி அடித்துக்கொண்டே, பெடலை ஆன் ஆஃப் செய்து பாருங்கள். ஆஃபில் ஒவ்வொரு அடியும் அடுத்த அடிக்குள் வழிந்து ஓடும். ஆனில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தலை முளைக்கும். ‘டக்’ என்று பிக் கம்பியில் படும் சத்தம் முதலில், உடனே அடர்த்தி, உடனே நிறுத்தம். அடிக்கும் அடிக்கும் இடையில் மௌனம் கேட்கும். அந்த மௌனம் இருந்தால்தான் அடுத்த அடி கனமாக விழும். எனக்கு இந்த வித்தியாசம் முதன்முதலில் காதில் பட்ட அன்று, ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) அரைமணி நேரம் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

இது பெடலின் மாயம் அல்ல என்பதற்கு மெட்டாலிக்காவே சாட்சி. 1986-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்தின் ரிதம் டோனுக்கு அடிப்படை மெசா பூகி மார்க் டூ சி பிளஸ் ஆம்ப். அந்த ஆம்பில் பாஸ், மிட், ட்ரெபிள் நாப் மூன்றும் கெயின் ஸ்டேஜுக்கு முன்னால் இருக்கின்றன. அதனால் அதை வாசிப்பவர்கள் பாஸ் நாபை பூஜ்யத்திலோ ஒன்றிலோதான் வைப்பார்கள். பிறகு டிஸ்டார்ஷன் முடிந்ததும் வரும் ஐந்து ஸ்லைடர் கொண்ட ஈக்யூவில் (கீழ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் பகுதி), 80 ஹெர்ட்ஸ் ஸ்லைடரை ஏற்றி பாஸைத் திரும்பக் கொண்டுவருவார்கள். 750 ஸ்லைடரைக் கீழே இழுப்பார்கள். ‘மிட்டை இறக்கினால் மெட்டல்’ என்று எல்லாரும் சொல்லும் பேச்சு அந்த வி வடிவ ஸ்லைடர்களின் படத்திலிருந்தும் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். படத்தில் தெரியாதது, அது டிஸ்டார்ஷனுக்குப் பிறகு செய்யும் வெட்டு என்பது. உள்ளே போகும்போது மிட் நிறையவே போயிருக்கிறது. 5150 இதற்கு நேர்மாறு. 1992-இல் எடி வான் ஹேலனின் பெயரோடு வந்த ஆம்ப் அது. பிறகு அதே வடிவம் 6505 என்று பெயர் மாறியது. அதில் டோன் நாப்கள் கெயினுக்குப் பின்னால் வருகின்றன. அதனால் நாபைத் திருகி மட்டும் உள்ளே போகும் பாஸைக் குறைக்க முடியாது. ஆகவே 5150 மாடலுக்கு முன்னால் பச்சை பெடல் கிட்டத்தட்ட கட்டாயம்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். 1990-ஐ ஒட்டி ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவிலிருந்து எழுந்த ஸ்வீடிஷ் டெத் மெட்டல், பாஸ் (Boss) நிறுவனத்தின் ஹெச்எம்-2 டிஸ்டார்ஷன் பெடலின் நாப்களை எல்லாம் முழுக்க ஏற்றி வைத்தே உருவானது. அது ரம்பம் அறுக்கும் டோன். அது வேண்டுமென்றால் நான் சொல்லும் பாதி விஷயங்களை மறந்துவிடலாம். நீங்கள் கேட்டது இறுக்கம், அதனால் இந்த வழி.

கெயின் எவ்வளவு? பாம் மியூட்டின் வெட்டு மறையாத வரை, அதற்குமேல் ஒரு கோடுகூட வேண்டாம். தனியாகக் கேட்கும்போது ‘இன்னும் கொஞ்சம் இருந்தால் நன்றாக இருக்குமே’ என்று தோன்றும் இடம்தான் சரியான இடம். ஏனென்றால் ஆல்பத்தில் நீங்கள் கேட்பது ஒரு கிட்டார் இல்லை. ஒரே ரிஃபை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழுக்க இடப்பக்கம், மற்றதை முழுக்க வலப்பக்கம் வைத்திருப்பார்கள். சிலர் நான்கு முறை வாசிப்பார்கள். இரண்டு ட்ராக்கின் கெயினும் சேரும்போது அடர்த்தி தானே வந்துவிடும். ஒரு ட்ராக்கை காப்பி பேஸ்ட் செய்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது, நடுவில் சத்தம் கூடும், அவ்வளவே. இரண்டாவது முறை வாசிக்கும்போது கை செய்யும் மில்லிசெகண்ட் வித்தியாசங்கள்தான் அந்த அகலம். அதே சமயம் வித்தியாசம் காதுக்குத் தனியாகத் தெரியும் அளவுக்குப் போனால் குழப்பம். மெட்ரோனோம் போட்டுப் பழகுங்கள்.

இனி தேனீ விஷயம். இதுதான் உங்கள் பிரச்சினையின் மறுபாதி, என் கணிப்பில் பெரிய பாதியும்கூட.

ஆம்பிலிருந்து வரும் டிஸ்டார்ஷன் சிக்னல் பச்சையாகக் கேட்டால் சகிக்காது. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகக் கீழே விழும் ஸ்பீக்கர். அது ஒரு வடிகட்டி மாதிரி. அந்த வடிகட்டி இல்லாமல் ஹெட்போனுக்குப் போனால் அப்படியே தேனீக் கூட்டம்தான். பிளகினில் ‘கேப்’ பகுதி, அதாவது ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் பகுதி, ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு முறை ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நான் ஒருமுறை மல்டி எஃபெக்ட் பெடலில் கேப் ஆன் செய்தது தெரியாமல், பிளகினிலும் ஒரு கேப் வைத்து இரண்டு வாரம் வாசித்தேன். போர்வைக்குள் ஆம்ப் வைத்த மாதிரி இருந்தது. ஆம்ப் மாடலைத்தான் குற்றம் சொல்லி மாற்றிக்கொண்டே இருந்தேன். பெடலில் ஒரு பட்டனை அணைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

கேப் பகுதியில் வேலை செய்வது ஐஆர் எனப்படும் சின்ன ஆடியோ கோப்பு. ஒரு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு மைக், அந்த மைக் நின்ற இடம், மூன்றும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றும் என்பதன் அச்சு அது. ஆம்ப் மாடலை மாற்றுவதைவிட ஐஆரை மாற்றினால் டோன் அதிகம் மாறும். இதை நம்பாதவர்கள் நிறையப் பேர். ஒரே ஆம்ப் செட்டிங்கை வைத்துக்கொண்டு பத்து ஐஆர் மாற்றிப் பாருங்கள், பத்து ஆம்ப் மாதிரி இருக்கும். மெட்டலுக்கு எங்கே ஆரம்பிப்பது என்றால், மெசாவின் நான்கு ஸ்பீக்கர் பெட்டி, அதில் செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கர், முன்னால் ஒரு ஷூர் எஸ்எம்57 மைக். எண்ணற்ற ஆல்பங்களில் கேட்ட கூட்டணி என்பதால் காதுக்கு அது ‘சரி’ என்றே படும்.

அப்புறம் மைக் நிற்கும் இடம். பல பிளகின்களில் மைக்கை மவுஸால் நகர்த்த முடியும். ஸ்பீக்கரின் நடுவில் குமிழ் மாதிரி ஒரு மூடி இருக்கும். மைக் அதன் நேர் நடுவில் இருந்தால் ஒலி கூர்மை, கண்ணாடி கீறுவது போல. ஓரத்துக்குப் போகப் போக இருட்டு. மூடியும் காகிதக் கூம்பும் சந்திக்கும் வட்டக்கோட்டில் மைக்கை வைத்து, அங்கிருந்து மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். ஒரு இடத்தில் ‘ஸ்ஸ்’ என்ற சீற்றம் அடங்கி, பிக் சத்தம் மட்டும் மிச்சம் இருக்கும். அங்கே நிறுத்திவிடுங்கள். ஈக்யூவில் ஒரு மணி நேரம் போராடினாலும் கிடைக்காதது இந்த அரை அங்குலத்தில் கிடைக்கும். இரண்டு மைக் வைக்க முடிந்தால், ஸ்வீடனின் ஸ்டுடியோ ஃப்ரெட்மேன் பெயரால் வழங்கும் முறையையும் பாருங்கள்: ஒரு எஸ்எம்57 நேராக, பக்கத்திலேயே இன்னொன்று 45 டிகிரி சாய்வாக. சாய்ந்த மைக்கின் அளவைக் கூட்டிக் குறைத்தே டோனின் வெளிச்சத்தை மாற்றலாம்.

மிட்டை நிரப்புங்கள் என்று சொன்னால் தயங்குவீர்கள், ஏனென்றால் அறையில் தனியாக வாசிக்கும்போது மிட் இறக்கிய டோன்தான் இதமாக இருக்கிறது. அதற்குக் காரணம் நம் காது. குறைந்த சத்தத்தில் காது கீழ் ஒலிகளையும் மேல் ஒலிகளையும் சரியாகப் பிடிப்பதில்லை, அதனால் அவற்றைக் கூட்டி ஈடுகட்டுகிறோம். ஆனால் பாட்டுக்குள் கீழே பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் உட்கார்ந்திருக்கின்றன, மேலே சிம்பல்கள். கிட்டாருக்கு மிச்சம் இருப்பது நடுப்பகுதி மட்டும். அதையும் இறக்கிவிட்டால் கிட்டார் காணாமல் போகத்தான் செய்யும். மிட்டை 5 அல்லது 6-இல் வையுங்கள். டிரம்ஸும் பேஸும் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் டோனைத் திருத்துங்கள், தனியாக வைத்துத் திருத்தாதீர்கள்.

அந்த 41 ஹெர்ட்ஸ் நினைவிருக்கிறதா? பேஸ் கிட்டாரின் நான்காவது கம்பி அதிர்வது சரியாக அதே 41-இல். அந்த இடத்தின் சொந்தக்காரர் பேஸ். ஆல்பங்களில் ‘என்ன கனமான கிட்டார்’ என்று நாம் வியப்பதில் பாதி, கிட்டாரோடு ஒட்டி ஒரே ரிஃபை வாசிக்கும், கொஞ்சம் டிஸ்டார்ஷன் போட்ட பேஸ். பேஸ் கிட்டார் இல்லையென்றால் பேஸ் பிளகினாவது போட்டுவிடுங்கள். கிட்டாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் ஹை பாஸ் ஃபில்டரால் (மேல் ஒலிகளை மட்டும் விடும் வடிகட்டி) வெட்டிவிட்டு, பேஸைச் சேர்த்துக் கேளுங்கள். வெட்டியதால் கிட்டார் பெரிதாகிவிட்டது போல இருக்கும்.

கேப்புக்குப் பிறகு வரும் ஈக்யூ இவ்வளவுதான்: கீழே அந்த 80, மேலே 9 அல்லது 10 கிலோஹெர்ட்ஸில் ஒரு லோ பாஸ் ஃபில்டர் (அதற்கு மேலே இருப்பதை வெட்டும் வடிகட்டி), நடுவே 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் விசில் மாதிரி குத்தும் இடம் ஏதாவது இருந்தால் அங்கே ஒல்லியான ஒரு சின்ன வெட்டு. நாலைந்து இடத்தில் வெட்டத் தோன்றினால் ஐஆர் தவறு என்று பொருள். திரும்பிப் போய் மைக்கை நகர்த்துங்கள்.

இன்டர்ஃபேஸ் எந்த பிராண்டானாலும் போதும், இரண்டு விஷயம் கவனியுங்கள். ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று எழுதிய சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிக்கப்பின் மேல் ஒலிகள் மங்கிவிடும். இன்புட் கெயின், நீங்கள் முழு பலத்தோடு அடித்தாலும் மீட்டர் சிவப்பைத் தொடாத அளவுக்கு. உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் நின்றால் நல்லது. பிளகின் தயாரித்தவர்கள் தங்கள் கையேட்டில் இன்புட் அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இங்கே ஆறு டெசிபல் அதிகம் போனாலும் ஆம்ப் கெயினை ஏற்றிய அதே விளைவுதான். பலருக்கு டோன் தொளதொளப்பது இந்த ஒரு இடத்தால். பஃபர், அதாவது லேப்டாப் ஒலியைச் சேர்த்து வைத்துக் கையாளும் அளவு, 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் தாமதம் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட்தான். போய் வந்து மொத்தம் 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால், மூன்றரை மீட்டர் தள்ளி ஆம்ப் வைத்து வாசிப்பதற்குச் சமம். கை ஒத்துக்கொள்ளும். ஓவர்சாம்ப்ளிங் பட்டன் இருந்தால் ரெக்கார்டிங்கை இறுதியாக எடுக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள், மேல் ஃப்ரெட்களில் சம்பந்தமில்லாத கரகரப்பு குறையும்.

கையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சொன்னது எல்லாம் வீண். மெட்டாலிக்கா ரிதத்தின் இறுக்கம் அதன் ரிதம் கிட்டாரிஸ்ட் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கையில் இருக்கிறது. மேல் கீழாக அடிக்காமல் முடிந்தவரை கீழ்நோக்கியே அடிக்கும் கை அது. உங்கள் வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கச் சதை பிரிட்ஜின் மேல், கம்பி கிளம்பும் இடத்தில் உட்கார வேண்டும். பிக்கப் பக்கம் அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலும் சுருதியே கேட்காத மொட்டைச் சத்தம். பின்னால் போனால் மியூட்டே ஆகாது. சரியான இடம் கிடைத்தால், சதையின் அடியில் கம்பி ஒருமுறை உதைத்துவிட்டு நிற்பது கையில் தெரியும். பிக் 1 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன். கம்பி புதிது. ட்ராப் சி-க்கு இறக்குகிறீர்கள் என்றால் 10-46 செட் தொய்ந்து போகும், 11-54 போல தடித்த செட் போடுங்கள். பழைய கம்பியை எந்த மாடலாலும் சரிசெய்ய முடியாது.

வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டை பச்சை பெடலுக்கும் முன்னால் வையுங்கள், கை எடுத்ததும் மூடும் அளவுக்கு மட்டும். சார்ஜர் செருகினால் ‘ங்ங்’ என்று இரைச்சல் வந்து, கம்பியைத் தொட்டதும் குறைகிறதா? அது எர்த்திங் பிரச்சினை. நாய்ஸ் கேட்டை வைத்து அதை மறைக்கப் பார்க்காதீர்கள். ரெக்கார்ட் செய்யும் நேரத்துக்குச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், சுவர் சாக்கெட்டின் எர்த்தை எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சல் போகும் என்று சார்ஜர் பிளக்கில் இருக்கும் மூன்றாவது பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். உயிருக்கு ஆபத்து.

இதெல்லாம் செய்த பிறகும் உங்கள் ஆம்ப் மாடல் பிடிக்கவில்லை என்றால், அப்போதும் காசு வேண்டாம். ஸ்டீவன் அட்கின்சன் எழுதிய நியூரல் ஆம்ப் மாடலர் முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். நிஜ ஆம்பை ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுத்து எடுத்த மாடல்களை அதில் ஏற்றலாம். 5150, மெசாவின் மார்க், ரெக்டிஃபையர் ஆம்ப்கள் எல்லாவற்றுக்கும் மற்றவர்கள் எடுத்த மாடல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆம்போடு கேப்பும் சேர்த்து எடுத்த மாடலா, ஆம்ப் மட்டுமா என்று பார்த்து இறக்குங்கள். சேர்த்து எடுத்ததென்றால் ஐஆரை அணைத்துவிட வேண்டும்.

இன்றே தொடங்குவதென்றால், எஃபெக்ட் எதுவும் ஏறாத வெறும் கிட்டார் சிக்னலை, அதாவது டிஐ-யை, இரண்டு ட்ராக்காகப் பதிவு செய்யுங்கள். எட்டு பார் போதும். அதை லூப்பில் ஓடவிட்டால் இரண்டு கையும் காலியாக இருக்கும். பெடல், கெயின், மைக் என்று நான் சொன்ன வரிசையிலேயே ஒவ்வொன்றாகத் திருகிக் கேளுங்கள். அந்த டிஐ கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து காது தேறியிருக்கும். அப்போது மறுபடி வாசிக்காமலே அதே ரிஃபுக்கு வேறு டோன் போடலாம்.